அத்தை சாமியிடம் மட்டும் சொன்னது

கார்த்திகை பிறந்த வாரம். காலையில் தறியில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் என் மனைவி வாணி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சாப்டியா? மாடு கன்னு போட்டுச்சா? அம்மா... ஒரு விஷயம். நீ ஒரு நாள் என்கூட மெட்ராசுக்கு வரணும்.”

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் முதலிலிருந்து — “அம்மா, சாப்டியா? மாடு கன்னு போட்டுச்சா?”

என்ன இது, மாட்டைப் பற்றி எத்தனை தடவை விசாரிப்பாள்? எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். அவள் கையில் போன் இல்லை. முருங்கைக்கீரைதான் இருந்தது. போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது.

“யாருகிட்ட பேசிக்கினு இருக்க?”

“இன்னும் பேசல. பேசறதுக்கு முன்னாடி பேசிப் பாக்கறேன்.”

“உங்க அம்மாகிட்டதானே? அதுக்குமா ரிகர்சல்?”

“அவங்ககிட்டதான் ரொம்ப வேணும்” என்றாள். கீரை ஆய்கிற கை நிற்கவில்லை.

கேஸ் புக் பண்ணுவதற்கும், ஸ்கூலுக்கு லீவு சொல்வதற்கும் அவள் இப்படி ஒத்திகை பார்ப்பது எனக்குத் தெரியும். பெற்ற தாயிடம் பேசவும் அது தேவைப்படுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று அவள் கேட்க நினைத்தது அப்படிப்பட்ட விஷயம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு வாணி பழக்கமானவள். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிற குடும்பம். நான் பட்டு நெய்கிறேன். வாணி, நெய்து முடித்த புடவையின் முந்தானைக்குக் குஞ்சம் முடிகிறாள். நான் பத்தாவதோடு நின்றவன். அவள் பி.காம். எட்டாவது படிக்கிற ஒரு மகள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளின் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, “பாப்பாவுக்கு எதுலயும் கவனமே நிக்க மாட்டேங்குது, யாராவது டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றார். சென்னையில் மனநல டாக்டரம்மா ஒருவரிடம் கூட்டிப் போனோம். ஏ.டி.எச்.டி என்றார். புத்தியில் குறை இல்லை. கவனம் ஓர் இடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருக்கிற அமைப்பு என்று விளக்கினார். அடையாளங்களை ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, வாணி பக்கத்திலிருந்து முணுமுணுத்தாள். “அது நான்.” “அதுவும் நான்.” டாக்டரம்மா சிரித்துவிட்டார். “உங்களுக்குன்னு தனியா ஒரு நாள் வாங்க.”

அது நிஜம்தான். வண்டியில் மார்க்கெட்டுக்குப் போய், ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பி, வாசலில் வண்டியைக் காணோம், திருட்டுப் போய்விட்டது என்று தெருவையே கூட்டியவள் என் மனைவி. சுண்டலுக்கு ஊறப் போட்ட கடலையை மறந்து, மூன்றாம் நாள் அது முளைவிட்ட பிறகு கண்டுபிடித்தவள். அதே ஆள் ஒரு குஞ்சத்தில் உட்கார்ந்தாள் என்றால் வீடு தீப்பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அவளுக்கும் ஏ.டி.எச்.டிதான் என்று உறுதியாயிற்று. மாத்திரை ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிவது குறைந்தது.

அத்துடன் எல்லாம் முடிந்தது என்று முருகனுக்கு ஒரு அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தேன். எனக்கு எப்போதும் அவசரம்...

ஒரு நாள் சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் சொன்னாள். “என்னாங்க, பத்து ரேடியோ ஓடிக்கினு இருந்த வீட்டுல ஒம்போதை ஆஃப் பண்ணின மாதிரி இருக்குது எனக்கு. இப்பதான் மிச்சம் இருக்கற ஒண்ணு பாடறது கேக்குது. அது ஏ.டி.எச்.டி இல்ல. வேற.”

“வேறன்னா?”

“ஆட்டிசமோன்னு தோணுது.”

எனக்குத் தெரிந்த ஆட்டிசம் எல்லாம் சின்னப் பிள்ளைகளோடு சம்பந்தப்பட்டது. முப்பத்தெட்டு வயதில், பேங்குக்குப் போய், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு அது எங்கிருந்து வரும்? நான் அப்படியே கேட்டும்விட்டேன்.

“வரலீங்க. இருந்துக்கினே இருந்திருக்குது” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் நான் பக்கத்திலிருந்தே பார்த்தவை. பார்த்தும் பார்க்காதவை. ட்யூப்லைட் போடுகிற மெல்லிய இரைச்சல் எங்கள் யாருக்கும் கேட்காது, அவளுக்குக் கேட்கும். மிக்சி போட்டால் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். முன்னால் சொல்லாமல் விருந்தாளி வந்தால் அன்று முழுக்க முகம் வெளுத்துப்போகும். சிரிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்களைப் பார்த்துவிட்டு, அரை விநாடி தள்ளிச் சிரிப்பாள்.

“அப்ப தறிச் சத்தம் மட்டும் எப்படி ஒத்துக்குது உனக்கு? காலைல இருந்து டக்கு டக்குன்னு அடிக்கறேனே.”

“அது அடுத்து எப்ப வரும்னு எனக்குத் தெரியும். குக்கர் விசில் எப்ப வரும்னு தெரியாதே.”

கல்யாணமான நாளிலிருந்து என் தறியைப் பற்றி யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

சரி, கவனம் ஓடுகிற மூளை புதிதாக ஏதாவது வேண்டும் என்று கேட்கும். இவள் சொல்கிற இன்னொன்று எதுவும் மாறக்கூடாது என்கிறது. ஒரே ஆளுக்குள் இரண்டும் எப்படி? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. “திருத்தணி போலாம்னு காலைல கெளப்பினதே நான்தானே? வேட்டி கட்டிக்கினு நீங்க வாசல்ல வந்து நின்னப்போ, வேணாம்னு உள்ள போயி உக்காந்ததும் நான்தானே? எனக்குள்ள ஒருத்தி கெளம்பு கெளம்புன்னு இழுக்கறா. இன்னொருத்தி எந்த பஸ்ஸு, எங்க சாப்பாடு, எப்ப திரும்பறோம்னு தெரியாம நிலைப்படியைப் புடிச்சிக்கினு நிக்கறா. நடுவுல மாட்டிக்கினு நான் சாவறேன்.”

அந்தத் திருத்தணி விஷயத்தில் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் சின்னக் கோபம் இல்லை. முருகனைப் பார்க்கக் கிளம்பியவனை வாசலோடு நிறுத்தினால் எப்படி இருக்கும்? ஆனால் இப்படி ஒரு விளக்கத்தைக் கேட்ட பிறகு கோபப்பட எனக்கு எதுவும் மிச்சம் இல்லை.

அவள் சும்மா முடிவு கட்டிக்கொள்ளவும் இல்லை. அதைத்தான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்களைப் பற்றிப் பேசுகிற வீடியோக்களைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, “இதை எல்லாம் பாத்துப் பாத்து, இல்லாததை இருக்குதுன்னு நானே ஒட்ட வச்சிக்கறேனோன்னு பயமாவும் இருக்குதுங்க” என்பாள். தன் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒருத்தி உண்மையைத் தேடுகிறாள். கோயில் கோயிலாகச் சுற்றுகிற எனக்கு அந்தத் தைரியம் உண்டா? எனக்குத் தெரியவில்லை.

ஒரு தடவை கேட்டேன். “இத்தினி வருஷம் ஓட்டியாச்சி. இப்ப போயி இதுக்கு ஒரு பேரு எதுக்கு வாணி?”

குஞ்சத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள். “எனக்குப் பேரு ஏற்கெனவே இருக்குதுங்க. திமிரு புடிச்சவ. ஒட்டாதவ. ஒரு மாதிரி. அதையெல்லாம் நான் கேட்டு வாங்கல. இது ஒண்ணாவது நானா தேடிப் பாத்து வச்சிக்கறேனே.”

நான் தறிக்குப் போய்விட்டேன்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனோம். அவர் வாணியிடம் நிறையக் கேள்வி கேட்டார், அவள் பயத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஏ.டி.எச்.டியும் ஆட்டிசமும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பது உண்டு என்றார். பிறகு, “ஆட்டிசம்னா அது நடுவுல வந்து ஒட்டிக்கறது இல்லம்மா. சின்ன வயசுலயே இருந்திருக்கணும். உங்களுக்கே ஞாபகம் இல்லாத வயசு அது. எப்ப பேச ஆரம்பிச்சீங்க, மத்த பிள்ளைங்களோட சேர்ந்தீங்களா, எப்படி விளையாடுனீங்க, சத்தம், சாப்பாடு எல்லாம் எப்படி... கூட இருந்து பார்த்தவங்க யாராவது வந்து சொன்னா எனக்குத் தெளிவாயிடும். இல்லேன்னா நான் பாதிதான் சொல்ல முடியும்” என்றார்.

வாணி ஒரே பிள்ளை. அப்பா காலமாகிவிட்டார். பார்த்தவர் என்று உலகத்தில் இருப்பது ஒரே ஒருவர்தான். ஊரை ஒட்டிய ஓரிக்கையில் மாடு வைத்துக்கொண்டு தனியாக இருக்கிற அவள் அம்மா, அதாவது என் அத்தை.

இப்போது புரிகிறதா, அந்த ஒத்திகை எதற்கு என்று?

கீரையை அடுப்பில் வைத்துவிட்டு வாணி போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் ஸ்பீக்கர் தேவையே இல்லை. அவர் பேசுவது தெருவுக்கே கேட்கும்.

சாப்டியா முடிந்தது. மாடு கன்று போட்டது முடிந்தது. விஷயம் வந்தது.

“என்னா கேக்கணுமாம் அந்த டாக்டருக்கு?”

“நான் சின்னதுல எப்படி இருந்தேன்னும்மா.”

“நல்லாத்தான் இருந்தே. என்னா கொறை உனக்கு?”

“கொறைன்னு இல்லம்மா. அழுதேனா, வெளையாடினேனா...”

“எல்லாப் புள்ளையும்தான் அழுவும். எல்லாப் புள்ளையும்தான் வெளையாடும். நான் அங்க வந்து ஒக்காந்துக்கினு எம் பொண்ணு சரியில்லன்னு சொல்லணுமா? அதுக்கு வேற ஆளைப் பாரு.”

போன் வைக்கப்பட்டது. ஒத்திகை பார்த்ததில் இந்தப் பகுதி இல்லை போலிருக்கிறது. வாணி போனைத் திரும்ப சார்ஜில் போட்டாள். பிறகு, “அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நல்லாத்தான் இருந்திருப்பேன். எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சி” என்றாள்.

அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு தூரம் தன்னைத் தோண்டிப் பார்த்தவள், ஒரே போனில் எல்லாவற்றையும் திரும்ப மூடி வைக்கிறாள். அப்புறம் அந்த வீடியோக்களையும் பார்க்கவில்லை. டாக்டர் பேச்சையும் எடுக்கவில்லை. குஞ்சம், சமையல், படுக்கை. மகள் வந்து, “அப்பா, அம்மா ஏன் சரின்னு மட்டுமே சொல்லுது?” என்று என்னைக் கேட்டாள்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு வந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் படிக்கிறவர்களுக்காக — கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சபேஸ்வரர் கோயிலில் மண்டை விளக்கு என்று ஒரு வேண்டுதல் உண்டு. புது மண்சட்டியில் பச்சரிசி மாவால் விளக்கு செய்து வைத்து, நெய் ஊற்றி ஏற்றி, அந்தச் சட்டியைத் தலையில் சுமந்து கோயிலை வலம் வருவார்கள். தலைவலி, தலைசுற்றல் என்று தலையில் என்ன பிரச்சினை இருந்தாலும் இறங்கும் என்பது நம்பிக்கை. கடைசி ஞாயிறு என்றால் கூட்டம் நெரியும்.

அத்தை வருஷம் தவறாமல் விளக்கு எடுப்பார். அவருக்கு ஒற்றைத் தலைவலி, அதற்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டது. ஓரிக்கையிலிருந்து வண்டியில் கூட்டி வந்து வாசலில் விட்டு, செருப்புக்குக் காவலாக நின்று, திரும்பக் கொண்டுபோய் விடுவது என் வேலை. கூட்டமும் மேளமும் ஒத்துக்கொள்ளாது என்று வாணி வர மாட்டாள். வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிடுவாள்.

அத்தைக்கு வாணி மேல் எவ்வளவு வருத்தம் இருந்தாலும் சாமி காரியத்துக்கு லீவு கிடையாது. அத்தை வந்தார். இந்தத் தடவை அவருக்கு நடை கொஞ்சம் தள்ளாடியது. அதனால் நானும் உள்ளே போய், முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, சட்டியைத் தலையில் ஏற்றினோம். சுற்றிலும் தலை தலையாக விளக்கு. நெய்ப்புகை கண்ணைக் கரித்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். முணுமுணுப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். காது மந்தமானவர்களின் ரகசியம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

“அப்பா கச்சபேசா, புதுசா ஒண்ணும் இல்ல, அதே வேண்டுதல்தான். எம் பொண்ணு தலையில இருக்கறதை எடுத்துடு. மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல அது. அப்புறம் நான் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கினு இருந்துது. மேளம் கேட்டா காதைப் பொத்திக்கினு நெல்லுக் குதிருக்குப் பின்னால ஓடிடும். பாவாடை நாடா உறுத்துதுன்னு அவுத்துப் போட்டுட்டு நிக்கும். சோத்துல கொழம்பு பட்டா தட்டையே தள்ளிடும். நாலு புள்ளைங்க கூப்ட்டா போவாது. புளியங்கொட்டையை வரிசையா அடுக்கிக்கினு தனியா ஒக்காந்திருக்கும், ஒரு கொட்டை நகந்துச்சின்னா உலகமே இடிஞ்ச மாதிரி அழும். இன்னைக்கும் போன்ல என்னைக் கூப்ட்டு, பாடம் ஒப்பிக்கற மாதிரி பேசுதுப்பா. உங்கிட்ட சொல்லாம இதையெல்லாம் யாருகிட்ட சொல்லுவேன்...”

பின்னால் வந்தவர் இடித்தபோதுதான் நான் நடக்காமல் நின்றுவிட்டது தெரிந்தது.

எப்ப பேச ஆரம்பிச்சீங்க. மத்த பிள்ளைங்களோட சேர்ந்தீங்களா. எப்படி விளையாடுனீங்க. சத்தம், சாப்பாடு... டாக்டரம்மா கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில், வருஷா வருஷம் இந்தப் பிராகாரத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. நான் வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வலம் முடிந்து விளக்கை இறக்கினோம். குளத்துப் படியில் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“அத்தே, உள்ள சாமிகிட்ட சொன்னீங்களே... அதைத்தான் டாக்டரும் கேக்கறாங்க.”

அவர் முகம் மாறிவிட்டது. “உங்களுக்குக் கேட்டுச்சா?”

“முன்னால போனவருக்கும் கேட்டுது.”

“அது சாமிகிட்ட சொன்னது மாப்ளே. சாமிகிட்ட சொன்னா அது வேண்டுதலு. வெளி மனுஷிகிட்ட சொன்னா அது எம் பொண்ணை விட்டுக்குடுக்கறது. இத்தினி வருஷமா ஒரு ஆளுகிட்ட நான் மூச்சு விட்டிருக்கேனா? கட்டிக்குடுக்கும்போது உங்ககிட்டயே சொல்லல.”

“அது எனக்கு ஒரே மாசத்துல தெரிஞ்சிபோச்சி அத்தே.”

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். “தெரிஞ்சுமா வச்சிக்கினு இருக்கீங்க?”

“வச்சிக்கினு இருக்கறது யாரு, நானா அவளான்னு இன்னும் முடிவாகல.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். நான் ஓரிக்கைக்கு வண்டியைத் திருப்பவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

வாணி ஜன்னலோரம் உட்கார்ந்து குஞ்சம் முடிந்துகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அத்தை பிரசாத மாவைப் பிட்டு மகள் கையில் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

நான் சுற்றி வளைக்கத் தெரியாதவன். “வாணி, அத்தை மண்டை விளக்கு எடுக்கறது அவங்க தலைவலிக்கு இல்ல. உனக்காகத்தான்” என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். “எனக்கா? இன்னாம்மா கேட்ட சாமிகிட்ட?”

அத்தை கையில் மிச்சமிருந்த மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உந்தலையில இருக்கறதை எடுத்துடுன்னு.”

எனக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

“எடுத்துட்டா மிச்சம் யாரும்மா இருப்பா?” வாணி குரலை உயர்த்தவில்லை. “அதுதானேம்மா நானு.”

“அதெல்லாம் எனக்கு என்னா தெரியும்? நீ அழுவக்கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஒரு புளியங்கொட்டை நகந்துடுச்சின்னு ராத்திரி பூரா அழுவற புள்ளையை வச்சிக்கினு நான் வேற இன்னா கேப்பேன்?”

“நகந்துதா? எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே. நான் அடுக்கிட்டுத் தூங்கிடுவேன், காலைல பாத்தா அப்படியே இருக்கும்.”

“அப்படியே இருக்குமா?” அத்தைக்கு இப்போது கோபமே வந்துவிட்டது. “கோழி வந்து தள்ளிடும். உங்கப்பன் கால்ல எத்திடுவாரு. அந்த அழுவைக்குப் பயந்து, நீ முழிச்சிக்கறதுக்குள்ள நான்தானே திரும்ப அடுக்கி வைப்பேன். பெருசு ரெண்டு, சின்னது ஒண்ணு, நடுவுல அந்த ஒடைஞ்ச கொட்டை. மாத்தி வச்சா கண்டுபுடிச்சிடுவே நீ. சாணி தெளிக்கறதுக்கு முன்னாடி எனக்கு அதுதான் வேலை.”

வாணியின் மடியிலிருந்த பட்டு நூல் சரிந்து தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

யாருக்கும் புரியாத ஒரு குழந்தையாகத் தனியாக இருந்தோம் என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது பார்த்தால், அந்தக் குழந்தையின் உலகத்தை விடியற்காலையில் ஒருத்தி சரிபார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. என்ன வியாதி என்று பெயர் தெரியாது. வரிசை மட்டும் மனப்பாடம்.

“அம்மா” என்றாள் வாணி. “என்னைப் பத்தி எனக்குத் தெரியாதது அத்தனையும் உனக்குத் தெரிஞ்சிருக்குது. அதைக் கொண்டுபோயி சாமிகிட்ட மட்டும் குடுத்துக்கினு இருக்கியே. எனக்கும் கொஞ்சம் குடேன்.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். “சாமிகிட்ட சொன்னதைப் போயி டாக்டர்கிட்ட சொன்னா குத்தம் ஆவாதா மாப்ளே?”

நான் பெரிய சாஸ்திரம் படித்தவன் இல்லை. தோன்றியதைச் சொன்னேன். “சாமிக்கு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தெரியும் அத்தே. பாவம், அந்த டாக்டருக்குத்தான் தெரியாது.”

யோசித்துப் பார்க்கிறேன். நாம் எல்லோருமே இப்படித்தான் இருக்கிறோமோ? வீட்டு மனுஷர்களைப் பற்றி நாம் கவனித்ததை எல்லாம் — மகனுக்கு என்ன பயம், மனைவிக்கு எங்கே வலிக்கிறது — சந்நிதியில் நின்று சாமியிடம் விலாவாரியாகச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட ஆளிடம் வந்து, “சாப்டியா?” என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். நீ இப்படி என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் கூட இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை அவர்களிடமே சொன்னால் என்ன? சாமி கோபித்துக்கொள்ளவா போகிறார்?

அடுத்த வாரம் மூன்று பேரும் சென்னைக்கு பஸ் ஏறினோம். வாணி முந்தின நாளே எந்த பஸ், எந்தப் பக்கம் சீட்டு, எங்கே காபி என்று எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தாள். காதில் பஞ்சு. அவளுக்குள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு எல்லாம் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டது. அவளும் பேசாமல் வந்தாள்.

டாக்டரம்மா அத்தைக்கு நாற்காலி போட்டு, “சொல்லுங்கம்மா, சின்னதுல எப்படி இருந்தாங்க?” என்று கேட்டார்.

“நல்லாத்தான் இருந்தா” என்றார் அத்தை.

வாணி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா அவசரப்படவில்லை. பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார்.

அத்தை கொஞ்ச நேரம் அந்தப் பேனாவையே பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். “மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல அது...” என்று ஆரம்பித்தார்.

அந்த ஏ.சி. ரூமில், கோயிலில் நின்று சொன்ன அதே குரலில், அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். குதிர் வந்தது, பாவாடை நாடா வந்தது, புளியங்கொட்டை வந்தது. நான் அறியாதவை இன்னும் எத்தனையோ வந்தன. வெளியே ரிசப்ஷனில் இருந்தவர்களும் எல்லாவற்றையும் கேட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாணியும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தன் கதையை முதல் தடவை கேட்கிற குழந்தை மாதிரி, வாய் லேசாகத் திறந்து, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் டாக்டரம்மா சொன்னார். “இன்னும் ரெண்டு மூணு தடவை வாணிகூட உக்காரணும்மா. அப்புறம்தான் முடிவா சொல்லுவேன். ஆனா இன்னைக்கு நீங்க குடுத்தது வேற எந்த டெஸ்ட்லயும் கெடைக்காது.” வாணியைப் பார்த்து, “நீங்க இல்லாததை ஒட்ட வச்சிக்கல. அந்தப் பயம் வேணாம்” என்றார்.

வாணி தலையசைத்தாள். சிரித்தாள். இந்தத் தடவை யாரையும் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

கிளம்ப எழுந்தோம். அத்தை எழுந்திருக்கவில்லை.

“டாக்டரம்மா, ஒரு சந்தேகம்” என்றார். “கல்யாண வீட்டுக்குப் போனா நான் பந்தலுக்கே வர மாட்டேன், சமையக்கட்டோட நின்னுடுவேன். மாட்டுகிட்ட பேசற அளவுக்கு மனுஷங்ககிட்ட எனக்குப் பேச்சு வராது. எங்க வீட்டுக்காரரு தண்ணிச் சொம்பை எடம் மாத்தி வச்சாக்கூட அன்னைக்குப் பூரா எனக்குத் தலை கிர்ருன்னு இருக்கும். அப்ப நானு...?” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா என்னைச் சின்னதுல பாத்தவங்க யாரும் இப்ப உசுரோட இல்லியே. எனக்கு யாரு வந்து சொல்லுவா?”

வாணி தன் நாற்காலியை இழுத்து அம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். “சின்னதுல பாக்கலம்மா. எனக்கு ஞாபகம் தெரிஞ்சதுல இருந்து சொல்லட்டுமா?”

டாக்டரம்மா பெல்லை அழுத்தி, அடுத்தவரைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்.